பிள்ளையின் செலவுக்கு எவ்வளவு? விவாகரத்துக்குப் பிறகு ஜீவனாம்சக் கணக்கும் திருத்தமும்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் வாய்தாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைக்கு எவ்வளவு போடுவார்கள்?" பதிலும் தயாராக இருக்கும். "சம்பளத்தில் கால் பங்கு." "இல்லை, மூன்றில் ஒன்று." "என் நாத்தனார் வழக்கில் ஐயாயிரம்தான் போட்டார்கள்." மூன்றுமே பொய் என்று சொல்லமாட்டேன். யாரோ ஒருவருடைய வழக்கில் மூன்றும் நடந்திருக்கும். ஆனால் அதை வைத்து உங்கள் வழக்கில் இவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க மாநிலங்களில் பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்துத் தொகை சொல்லும் கணக்கு முறை சட்டத்திலேயே உண்டு. பிரிட்டனில் அரசின் இணையதளத்தில் நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் அப்படி ஒரு சூத்திரம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. நீதிபதியின் மேசைக்கு என்னென்ன காகிதம் போய்ச் சேர்கிறதோ அதிலிருந்துதான் தொகை பிறக்கிறது. எனவே கணக்கைச் சரியாக எழுதிக்கொண்டு போனவர் பாதி வழக்கை வீட்டிலேயே முடித்துவிடுகிறார். குடும்ப நீதிமன்ற வழக்குகளை நடத்துகிற நான் கட்சிக்காரர்களிடம் முதல் நாள் சொல்வது இதைத்தான். பலர் நம்புவதில்லை. நல்ல வக்கீலாக வாதாடினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது.

கால் பங்கு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் கல்யாண் தே சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான ஜீவனாம்சம் என்றது. அது மனைவியின் தொகை பற்றி, அந்த வழக்கின் சூழ்நிலையில் சொன்னது. பிள்ளைக்கான விதி அல்ல.

படி 1: எந்த வாசல் வழியாகப் போவது

விவாகரத்து ஆகிவிட்டதே, இனிக் கேட்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் ஏராளம். முடியும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் "இனி எந்தத் தொகையும் கேட்கமாட்டேன்" என்று தாய் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளைக்காகக் கேட்கலாம். அந்த உரிமை பிள்ளையுடையது. தாய் அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது.

வாசல்கள் நான்கு. பெரும்பாலோர் நுழைவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வழியாக. 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இன்னும் "ஒன் ட்வென்டி ஃபைவ்" என்றே சொல்வார்கள், குழம்பவேண்டாம். எல்லா மதத்தினருக்கும் பொது. பெற்றோருக்குத் திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கும் உண்டு. முஸ்லிம் பெற்றோரின் பிள்ளைகளும் இதன் கீழ் கேட்கலாம் என்று நூர் சபா காத்தூன் வழக்கில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. ஒரு காலத்தில் இந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. 2001-இல்தான் அதை எடுத்தார்கள். இந்த மனுவுக்கு எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ், அதாவது ஜீவனாம்ச வழக்கு) எண் கொடுப்பார்கள். தாயும் பிள்ளையும் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலும்.

இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, விவாகரத்து வழக்கோடு சேர்ந்தே பிள்ளையின் பராமரிப்பு, படிப்பு, யாரிடம் வளர்வது ஆகிய மூன்றையும் தீர்மானிக்கும். இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-இன் 20-ஆம் பிரிவு, தந்தை தாய் இருவரையுமே கடமைப்பட்டவர்களாக்குகிறது. பிள்ளை அப்பாவிடம் வளர்ந்து, அம்மா நன்றாகச் சம்பாதிக்கிறார் என்றால் அம்மாவிடமும் கேட்கலாம். நான்காவது, குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 20-ஆம் பிரிவு. இதில் ஒரு வசதி உண்டு: பணம் கொடுக்காதவரின் முதலாளியே சம்பளத்திலிருந்து நேராகச் செலுத்தவேண்டும் என்று நடுவர் உத்தரவிட முடியும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வாசலில் நுழையத் தடையில்லை. ஆனால் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. முதல் உத்தரவை இரண்டாவது நீதிமன்றத்தில் மறைத்தால், மற்றதிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் தயங்கவேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

படி 2: ஒரு நோட்டு

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். மகனுக்கு எட்டு வயது. மழைக்காலம் வந்தால் வீசிங். வேறு ஒருவர் எழுதிக் கொடுத்த மனுவில் "மாதம் 15,000 ரூபாய் வழங்கவேண்டும்" என்று ஒரே வரி இருந்தது. எதற்கு 15,000 என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை. அதைக் கேட்டதும் மஞ்சள் பையிலிருந்து 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டு. பின்பக்கத்திலிருந்து மகனின் செலவு.

"ஜூன் 3 – ஷூ 649. ஜூன் 5 – நோட்டு அட்டை, லேபிள் 140. ஜூன் 11 – ராத்திரி மூச்சுத் திணறல், ஆட்டோ 180, நெபுலைசர் 250. ஜூன் 14 – முடி வெட்டியது 80. ஜூன் 15 – ஸ்கூலில் மரம் நடும் விழாவுக்குப் பச்சைச் சட்டை 320."

அந்தப் பச்சைச் சட்டையை நான் மறக்கவே இல்லை. எந்த வக்கீலின் கற்பனைக்கும் எட்டாத செலவு அது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "மருந்துச் செலவு சும்மா ஏற்றிச் சொல்கிறீர்கள்" என்றார். இவர் நோட்டைப் புரட்டித் தேதியோடு மருந்தின் விலையைச் சொன்னார். அடுத்த கேள்வி மருந்தைப் பற்றி வரவில்லை. நீதிபதி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

குறைந்தது மூன்று மாதம் இப்படி எழுதுங்கள். பள்ளி ரசீது, மருந்துச் சீட்டு, வேன்காரருக்குப் பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். ரசீது இல்லாத செலவும் செலவுதான். நோட்டில் தேதி இருந்தால் போதும். மாதாமாதம் வராத செலவைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஜூன் மாதப் புத்தகம், சீருடை, தீபாவளித் துணி, பல் வைத்தியம். அவற்றை ஆண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்கவேண்டும்.

படி 3: எதிர்த்தரப்பின் வருமானம்

ரஜ்னீஷ் எதிர் நேஹா என்ற வழக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். படிவத்தையே தீர்ப்போடு இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்புக்கு நான்கு வாரம் அவகாசம். இழுத்தடித்தால் இரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது. வேண்டுமென்றே தாமதித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் இந்தக் கெடு அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் ஞாபகப்படுத்தினால்தான் நகரும்.

பத்திரத்தில் பொய் எழுதுவது இரு தரப்பிலும் நடக்கிறது. தாய் தன் வேலையை மறைப்பார். தந்தை தன் வருமானத்தைச் சுருக்குவார். மாதச் சம்பளக்காரரிடம் இது எளிதில் பிடிபடும்: சம்பளச் சீட்டு, படிவம் 16 (முதலாளி தரும் வருமான வரிச் சான்று), வங்கிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்தால் போதும். சொந்தத் தொழில் செய்பவரிடம்தான் வேலை அதிகம். மேலே சொன்ன தையல்காரப் பெண்ணின் முன்னாள் கணவர், தான் மாதம் 12,000 சம்பளத்துக்கு மினி லாரி ஓட்டுவதாக எழுதியிருந்தார். வண்டியின் பதிவுச் சான்று அவர் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கைத் தருவித்தபோது ஃபாஸ்டேக் ரீசார்ஜுகள் வரிசையாக வந்தன. பரனூர் சுங்கச்சாவடியை ஒரே மாதத்தில் இருபத்தாறு முறை கடந்திருந்தது வண்டி. பன்னிரண்டாயிரம் சம்பளக்காரர் சொந்தப் பணத்தில் சுங்கம் கட்டிக்கொண்டு யாருக்கு வண்டி ஓட்டுகிறார் என்ற கேள்விக்கு அவரிடம் பதிலில்லை.

ஆகவே எதிர்த்தரப்பின் வாழ்க்கை முறையைக் காட்டும் தடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வாகனம், வாடகை வருமானம், கடை, ஜி.எஸ்.டி. பதிவு, சீட்டு, காப்பீட்டுப் பிரீமியம். நீங்களே போய் அவருடைய வங்கிக் கணக்கைத் திருட்டுத்தனமாகத் திறக்காதீர்கள். நீதிமன்றத்தில் மனுப்போட்டு வங்கியிடமிருந்தோ முதலாளியிடமிருந்தோ வரவழைக்கலாம்.

வேலையே இல்லை என்று கையை விரிப்பவருக்கு அஞ்சு கார்க் வழக்கு பதில் சொல்கிறது. உடல்வலு உள்ள கணவன் உடலுழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றவேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

படி 4: கணக்கு

இப்போது ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒன்பது வயது மகள், தாயோடு வாடகை வீட்டில் இருக்கிறாள்.

ஆண்டுச் செலவு: பள்ளிக் கட்டணம் மூன்று தவணையாக 60,000, புத்தகம், சீருடை 9,000, வேன் மாதம் 1,500 வீதம் பத்து மாதத்துக்கு 15,000, துணிமணி 8,000, வைத்தியம் 6,000. மொத்தம் 98,000. மாதத்துக்கு ஏறக்குறைய 8,170.

மாதச் செலவு: சாப்பாடு, பால், தின்பண்டம் 4,500, டியூஷன் 1,500, சோப்பு, எண்ணெய், முடி வெட்டுதல் போன்றவை 700, வெளியே போவது, விளையாட்டு 800. வீட்டு வாடகை 9,000. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,800 வருகிறது, மாதத்துக்கு 900. இரண்டும் சேர்ந்து 9,900-இல் பிள்ளையின் பங்காக மூன்றில் ஒன்று, 3,300. இந்த வகை மொத்தம் 10,800.

இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 19,000. வாடகையில் பிள்ளைக்குப் பங்கு போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பிள்ளை தூங்குவதற்கும் இடம் வேண்டுமல்லவா? பாதி என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றில் ஒன்று கேட்டால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்து யார் எவ்வளவு தருவது? தந்தையின் நிகர வருமானம் 60,000. தாயுடையது 20,000 என்று வைப்போம். மூன்றுக்கு ஒன்று. 19,000-ஐ அதே விகிதத்தில் பிரித்தால் தந்தை 14,250, தாய் 4,750. பிள்ளையைத் தினமும் எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பும் உழைப்புக்கு இந்தக் கணக்கில் விலை போடவில்லை என்பதைத் தாய் தரப்பு வாதமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

இந்த விகிதாசார முறை நானாகச் சொல்வதில்லை. பத்மஜா சர்மா வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தலா 3,000 ரூபாய் என்று நிர்ணயித்து, தந்தையும் தாயும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் சுமக்கச் சொன்னது. ரஜ்னீஷ் தீர்ப்பும், படிப்புச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்கவேண்டும், தாய் போதிய அளவு சம்பாதித்தால் விகிதாசாரமாகப் பகிரலாம் என்கிறது. டியூஷன், தொழிற்பயிற்சி போன்றவையும் நியாயமான அளவில் சேரும்.

தாய்க்கு வருமானமே இல்லாத வழக்குகளில் வேறொரு முறையையும் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2004-இல் அனுரிதா வோரா வழக்கில் குடும்ப வருமானத்தை ஒரு கேக்காக நினைத்து வெட்டியது: சம்பாதிக்கும் கணவருக்கு இரண்டு துண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. 60,000 வருமானத்தில் கணவர், மனைவி, ஒரு பிள்ளை என்றால் நான்கு துண்டு. பிள்ளையின் துண்டு 15,000. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் கேட்கும் தொகை எட்டாத உயரத்தில் இருக்கிறதா, தரையில் கிடக்கிறதா என்று தெரிந்துகொள்ள உதவும்.

நிகர வருமானம் என்பதில் எதைக் கழிக்கலாம்? வருமான வரியும் கட்டாய வருங்கால வைப்பு நிதியும் கழியும். கார் கடன், தனிநபர் கடன், தானாக முன்வந்து கூடுதலாகப் போடும் சேமிப்பு ஆகியவை பொதுவாகக் கழியாது. வழக்கு வந்த மாதத்தில் திடீரென்று வாங்கிய வீட்டுக் கடனை நீதிபதிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை. வயதான தாய் தந்தையைக் காப்பாற்றுவது வேறு. அது உண்மையான கடமை, கணக்கில் வரும்.

இடைக்கால மனு போடாமல் இருந்துவிடாதீர்கள். இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகலாம். ஜூன் மாதக் கட்டணம் ஜூனில்தான் கட்டவேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இயன்றவரை இடைக்கால மனுவை முடிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அத்தனை வேகம் அரிது. ஆனால் தாமதத்தால் பணம் போய்விடாது: மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்பது ரஜ்னீஷ் தீர்ப்பு தந்த மிகப் பெரிய நிம்மதி.

படி 5: உத்தரவில் என்னென்ன வார்த்தை இருக்கவேண்டும்

சமரச மையத்தில் பேசி முடிக்கும்போது பலர் தொகையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இன்றைக்கு 10,000 என்பது பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது என்னவாகும்? எழுதவேண்டியவை இவை: ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் இன்ன வங்கிக் கணக்கில், பள்ளிக் கட்டணம் இதில் அடக்கமா, தனியா, அறுவை சிகிச்சை போன்ற பெரிய மருத்துவச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு, மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையின் பெயர் தொடருமா, ஆண்டுதோறும் அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் உயரும். உயர்வை உத்தரவிலேயே எழுதுவது ஒன்றும் புதுமை அல்ல. 2025 மே மாதம் ராக்கி சாதுகான் வழக்கில் மனைவியின் ஜீவனாம்சத்தை மாதம் 50,000 என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வையும் சேர்த்தே எழுதியது. அப்படி ஒரு வரி இருந்தால் ஐந்து வருடம் கழித்து நீங்கள் மறுபடி படியேறவேண்டியதில்லை.

கல்லூரிச் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

"பள்ளிக்கு நானே நேராகக் கட்டிவிடுகிறேன், கையில் தரமாட்டேன்" என்று சில தந்தைகள் அடம்பிடிப்பார்கள். கட்டணத்துக்கு மட்டும் அதை ஏற்கலாம், உத்தரவில் எழுதியிருந்தால். உத்தரவில் இல்லாமல் வாங்கிக் கொடுத்த சைக்கிளையும் பிறந்தநாள் மோதிரத்தையும் பிற்பாடு ஜீவனாம்சக் கணக்கில் கழிக்கச் சொன்னால் நீதிமன்றம் கேட்கவேண்டிய கட்டாயமில்லை.

படி 6: பணம் வராவிட்டால்

ரொக்கமாக வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். வங்கி வழியே அனுப்பி, குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். தந்தைக்குத்தான் இது அதிகப் பாதுகாப்பு: மூன்று ஆண்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஒரு ரூபாய்க்கும் சான்றில்லாமல் நின்றவரைப் பார்த்திருக்கிறேன்.

பாக்கி விழுந்தால், 144-ஆம் பிரிவு உத்தரவென்றால், தொகை விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போடவேண்டும். இந்த ஓராண்டைத் தவறவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே விலை அதிகமான மறதி. அபராதத்தை வசூலிப்பதுபோல் வாரண்ட் பிறப்பித்து வசூலிக்கலாம். அப்போதும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் குல்தீப் கௌர் வழக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். 1989-லேயே உச்ச நீதிமன்றம், சிறை என்பது வசூலிக்கும் வழிதான், கடனுக்கு ஈடு அல்ல என்றது. ஓராண்டு தாண்டியதாலேயே பாக்கி அழிந்துவிடுவதும் இல்லை. நம் ஊர் வழக்கான பூங்கொடி எதிர் தங்கவேலில், 2013-இல் உச்ச நீதிமன்றம், முன்பே போட்ட மனு நிலுவையில் இருந்ததால் அதன் தொடர்ச்சியாகக் கேட்ட பல ஆண்டுப் பாக்கியை அனுமதித்தது.

சம்பளக்காரராக இருந்தால் சம்பள ஜப்தி இன்னும் சுலபம். சாதாரணக் கடன் வழக்கில் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பென்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காப்பாற்றித் தருகிறது.

பணம் வரவில்லை என்று அப்பாவைப் பார்க்கவிடாமல் தடுப்பதும், பார்க்கவிடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே உங்கள் வழக்கைக் கெடுக்கும். இரண்டும் தனித்தனி உத்தரவு. இரண்டுக்கும் தனித்தனி மனு.

படி 7: திருத்தம்

ஜீவனாம்ச உத்தரவு கல்வெட்டு அல்ல. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் நீக்கவும் ஒவ்வொரு சட்டமும் இடம் தருகிறது. எந்த வாசல் வழியாக உத்தரவு வந்ததோ அதே வாசலில்தான் திருத்தமும் கேட்கவேண்டும். 144-இன் உத்தரவுக்கு 146-ஆம் பிரிவு, அதாவது பழைய 127. இந்துத் திருமணச் சட்ட உத்தரவுக்கு அதே 26-ஆம் பிரிவு. குடும்ப வன்முறைச் சட்டத்தில் 25-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. இந்து ஜீவனாம்சச் சட்டத்திலும் 25-ஆம் பிரிவுதான். அதன் சிறப்பு, நீதிமன்றத் தீர்ப்பை மட்டுமல்லாமல் நீங்களாகப் பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தத் தொகையையும் மாற்றலாம் என்பது.

மாற்றம் உண்மையானதாக, கண்ணுக்குத் தெரிவதாக இருக்கவேண்டும். கூட்டக் கேட்பவர்கள் காட்டவேண்டியது: பிள்ளை எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புக்குப் போனது, அப்போதைய கட்டண ரசீது, இப்போதைய ரசீது, புதிதாக வந்த நோய், தந்தையின் பதவி உயர்வு, அகவிலைப்படி உயர்வு. பழைய நோட்டும் புதிய நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாதமே தேவைப்படாது. அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு முதல் உத்தரவில் 9,500 கிடைத்தது. மகன் ஆறாம் வகுப்பு போனபோது மறுபடி வந்தார், கையில் மூன்றாவது நோட்டோடு.

குறைக்கக் கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் தந்தைகளுக்கு, ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வேலை போனதும் பணத்தை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். உத்தரவு திருத்தப்படும் வரை மாதாமாதம் முழுத் தொகையும் பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும். நீங்கள் மனுப் போட்ட தேதிக்கு முந்தைய பாக்கியை நீதிமன்றம் பொதுவாகக் குறைக்காது. எனவே வேலை போன வாரமே மனுவைப் போடுங்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேறு வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். முடிந்த அளவு, மூவாயிரமோ ஐயாயிரமோ, அனுப்பிக்கொண்டே இருங்கள். அனுப்பிய தடயம் இருப்பவரை நீதிபதி ஒருவிதமாகவும் இல்லாதவரை வேறுவிதமாகவும் பார்ப்பார்; மனித இயல்பு.

தானாகவே ராஜினாமா செய்துவிட்டு வருமானமில்லை என்றால் எடுபடாது. மறுமணம் செய்து அடுத்த குழந்தை பிறந்தது கணக்கில் வரும், ஆனால் முதல் பிள்ளையின் தொகையைத் துடைத்துவிடாது. முன்னாள் மனைவி வேலைக்குப் போகிறார், மறுமணம் செய்துகொண்டார் என்பதெல்லாம் அவருடைய ஜீவனாம்சத்தைப் பாதிக்கலாம், பிள்ளையுடையது நிற்காது. பிள்ளை உங்களிடமே வந்து வளரத் தொடங்கினால் மட்டும், உடனே மனுப் போட்டுத் தொகையை நீக்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக "இனி அனுப்பவேண்டாம்" என்று சொன்னது நான்கு வருடம் கழித்து வசூல் மனுவாக வந்து நிற்கும்.

கீழ் நீதிமன்றத் தொகையே தவறு என்றால் அது திருத்த மனு அல்ல. 144-ஆம் பிரிவில் குடும்ப நீதிமன்றம் போட்ட உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான் போடவேண்டும். தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில்.

பதினெட்டு வயதில் என்ன ஆகும்

மகனுக்கு 18 நிறைந்ததும் 144-ஆம் பிரிவின் உரிமை நின்றுவிடுகிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவன் என்றால் மட்டும் தொடரும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே பல பிள்ளைகளுக்கு 18 ஆகிவிடுகிறது. கல்லூரிக் கட்டணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்: சட்டம் தராததைக் கையெழுத்து தரும்.

மகளின் கதை வேறு. இந்து ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு, திருமணமாகாத மகள் தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாதவரை தந்தையின் கடமை தொடரும் என்கிறது. அபிலாஷா எதிர் பிரகாஷ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் அதைக் கேட்கவேண்டியது நடுவர் நீதிமன்றத்தின் பழைய 125-ஆம் பிரிவு மனுவில் அல்ல, ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் தனியாக, மகளே மனுதாரராக. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள். வக்காலத்தில் இனி அம்மாவின் கையெழுத்து செல்லாது, மகள் போடவேண்டும்.